தூங்குறான், காலையில வாங்க

ஒருமுறை அடித்தால் போதும் என்று காவல் நிலையத்து மணிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வெர்னா அத்தை விரலை எடுக்கமாட்டாள். உள்ளேயிருந்து யாராவது வந்து முகம் காட்டும்வரை மணி கத்திக்கொண்டே இருக்கும். வந்து நிற்கும் கான்ஸ்டபிளின் முகத்தை அவள் பார்ப்பதில்லை. அவன் தோளுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கதவைப் பார்த்துத்தான் பேச்சு.

"யாரு உள்ள?"

"இன்னிக்கு யாரும் இல்ல, வெர்னா."

"யாரும் இல்லையா? இல்ல, யாரும் இல்லன்னு சொல்றியா?"

கான்ஸ்டபிள் ஹேடன் வந்த புதிதில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்தான். இப்போதெல்லாம் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிடுகிறான். காலியான அறைகளைக் கதவு திறந்து காட்டுகிறான். அத்தை எட்டிப் பார்த்து, பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்து, "சுத்தமா வெச்சிருக்க. நல்ல பையன்" என்று ஒரு சாண்ட்விச்சைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

சிட்னியிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும் பர்ரிங்காவில் சாயங்காலம் என்றால் இதுதான். பள்ளிக்கூடப் பஸ் போய், ஆற்றங்கரை மரங்களில் வெள்ளைக் கிளிகள் ஒன்றையொன்று ஏசத் தொடங்கும் நேரத்தில் அத்தை வந்துவிடுவாள். அறுபதைத் தொட்ட பெரிய உடம்பு. அதன்மேல் எப்போதோ கோப்பை ஜெயித்த கால்பந்து அணியின் பனியன், காலில் ரப்பர் செருப்பு, கையில் துணிப்பை. பையில் பொரித்த சாசேஜும் வெங்காயமும் வைத்துத் தக்காளி சாஸை மனசாரக் கொட்டிய சாண்ட்விச்கள், ஒரு பிளாஸ்க் டீ. அந்த டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கிளினிக் நர்ஸ் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அவளை யாரும் இந்த வேலைக்கு வைக்கவில்லை. முன்பு ஒரு சார்ஜன்ட் சட்டம் பேசி, நாளும் நேரமும் குறித்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டார். அத்தை தலையாட்டிவிட்டு மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து மணியில் கைவைத்தாள். சார்ஜன்ட் மாற்றலாகிப் போய்விட்டார். அத்தை இருக்கிறாள்.

உள்ளே ஆள் இருந்தால் பரீட்சை உண்டு. பெரும்பாலும் குடித்துவிட்டுத் தெருவில் பாடியவன், அபராதம் கட்டாதவன், மச்சானோடு மல்லுக்கு நின்றவன். குரல் கொடுத்தால் போதாது. எழுந்து நிற்கவேண்டும், கதவுவரை நடந்து வரவேண்டும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, எங்கேயாவது இடிச்சிக்கிட்டியா என்று வரிசையாக விசாரணை நடக்கும். கடைசியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொல்வாள்:

"சரி, இப்ப என்னைத் திட்டு."

திட்டவேண்டும். அதுவும் நன்றாகத் திட்டவேண்டும். "அத்தை, உன் செருப்புச் சத்தம் கேட்டு ஈமுக் கோழி உள்ள புகுந்துடுச்சுன்னு பயந்துட்டேன்" என்றால் தேர்ச்சி. "இந்த சாண்ட்விச்சைத் தின்னா எனக்கு தண்டனை முடிஞ்சிடுச்சுன்னு ஜட்ஜ் விட்டுடுவாரு" என்றால் முதல் வகுப்பு. சும்மா "நான் நல்லாத்தான் இருக்கேன், அத்தை" என்று முனகினால் விடமாட்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று ஹேடனைப் படுத்தியெடுப்பாள்.

"தலையில அடிபட்டவனுக்கு வாய் குழறும். காய்ச்சக்காரனுக்குக் கிண்டல் வராது. என்னைப் பாத்தும் ஒருத்தனுக்குச் சிரிப்பு வரலன்னா அவனுக்கு உடம்புல என்னவோ கோளாறுன்னு அர்த்தம்" என்பது அவள் கட்சி. பூர்வகுடிகளான எங்களைப் பாதிரிமார் ஒருகாலத்தில் குடிவைத்த மிஷன் பக்கத்துப் பையன்கள் சிலர் முன்னேற்பாடாகவே இரண்டு திட்டுகளை யோசித்து வைத்திருப்பதாகக் கேள்வி. என்றைக்கு உதவும் என்று யாருக்குத் தெரியும்?

காலையில் அவள் உத்தியோகம் வேறு. பள்ளிக்கூட வாசலில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பாள். ஊரில் எல்லா வண்டிகளுக்கும் ஒரு நியாயம், போலீஸ் வண்டிக்கு ஒரு நியாயம். போலீஸ் வண்டி வந்தால் பிள்ளைகள் கடந்த பிறகும் பலகை இறங்காது. பின்னால் ஒரு நாய் வரும். நாய் நடுச்சாலையில் நின்று சொறிந்துகொள்ளும். அத்தை பொறுமையாகக் காத்திருப்பாள். "அவசரப்படுத்தக் கூடாது பாவம், வயசான நாயி" என்று கண்ணாடி வழியாக உள்ளே இருப்பவனுக்கு விளக்கமும் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் இருக்கும் ஊருக்கு, இந்த ஜூலைக் குளிரில், சினிமாக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் எடுக்க வந்தது காவலில் ஒருவன் சாகும் கதை.

திகில் படம். எங்கள் ஆள் ஒருவனைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். காலையில் செத்துக் கிடக்கிறான். போலீஸ் ஒரு நேரம் சொல்கிறது, ஊர் ஒரு நேரம் சொல்கிறது. அவனுடைய தங்கை, புதிதாக வக்கீலானவள், கொன்றவனைத் துரத்துகிறாள். துப்பாக்கி உண்டு, துரோகம் உண்டு, கடைசியில் ஒரு கார் ஆற்றுக்குள் பாயும். ஊருக்குப் பிடித்தது அந்தக் கார்தான். ஆளாளுக்கு வந்து, "எங்க வீட்டுப் பின்னால ஒண்ணு கிடக்கு, அதை முக்கிக்கோங்க" என்று சினிமாக்காரர்களைத் தொல்லை பண்ணினார்கள். எந்தக் காருக்கும் எஞ்சின் இல்லை.

படத்தை எடுக்கும் ஷெய்னா வேற்று ஆள் இல்லை. நகரத்தில் படித்தவள்தான், ஆனால் அவள் அப்பா இந்த மிஷனில் பிறந்தவர், வெர்னா அத்தைக்கு ஒன்றுவிட்ட தம்பி. மற்றவர்களுக்கெல்லாம் வெர்னா மரியாதைக்கு அத்தை. ஷெய்னாவுக்கு நிஜமான அத்தை, அதனால் திட்டும் நிஜமாகவே விழும். புது நிலையம் கட்டியபின் பூட்டிக் கிடந்த பழைய காவல் நிலையத்தைத் திறந்து, தூசி தட்டி, அதில்தான் படப்பிடிப்பு. தொடங்குவதற்கு முன் கெட்டது அண்டாமலிருக்கப் பெரியவர்கள் யூகலிப்டஸ் இலைகளைக் கொளுத்தி அறை அறையாகப் புகை காட்டினார்கள். "கேமராவுக்கும் காட்டுங்க, அதுதானே எல்லாத்தையும் உத்து உத்துப் பாக்கப் போவுது" என்று அத்தை வற்புறுத்தியதில் கேமராக்காரர் அரைநாள் இருமினார்.

முதல் நாளே வம்பு வந்தது.

பகலிலேயே ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி உள்ளே ராத்திரி ஆக்கியிருந்தார்கள். பள்ளிக்கூட வேலை முடிந்து அந்த வழியாக வந்த அத்தைக்கு, துணி விலகிய இடுக்கில் ஒரு காட்சி தெரிந்தது. அறைக்குள் கம்பிக்குப் பின்னால் நம் ஆள் ஒருவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சினிமா என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஊரிலேயே சினிமாவுக்கு முதல் ஆளாகப் போய் முதல் ஆளாக முடிவைச் சொல்லிவிடுகிறவள் அவள்தான். ஆனால் கம்பிக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவள் பையில் சாண்ட்விச் இருக்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாசலில் தடுத்த பெண்ணை ஒதுக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த கேமராவின் முன்னால் நடந்து, கம்பிக்குள் கையை விட்டாள்.

"இந்தா, சாப்பிடு. யார் வீட்டுப் பிள்ளை நீ?"

நடிகன் பெயர் லைல். வடக்கே கடலோரத்திலிருந்து வந்தவன், ஒழுங்காக வளர்க்கப்பட்டவன். பெரியவள் ஒருத்தி வந்ததும் பாத்திரத்தை மறந்து எழுந்து நின்றான். அம்மா பெயர், அப்பா பெயர், எந்தத் தீவு, எந்த ஆறு எல்லாம் சொன்னான்.

"சரி. என்னைத் திட்டு."

லைல் விழித்தான். "என்ன அத்தை?"

"திட்டுடா. நல்லா நாலு வார்த்த."

"ஐயோ, வெக்கமா இருக்கு அத்தை. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க."

அத்தை திரும்பினாள். கதவருகே போலீஸ் உடுப்பில் நின்றிருந்தவர் டக்ளஸ். சிட்னியிலிருந்து வந்த நடிகர், படத்தில் கொலைகார சார்ஜன்ட். நிஜத்தில் புழுவுக்கும் தீங்கு நினைக்காதவர், மாமிசம் தொடாதவர். அவரைப் பார்த்து அத்தை விரலை ஆட்டினாள்.

"பையனுக்குத் தலையில அடி. பேச்சு சரியில்ல. என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? டாக்டரைக் கூப்பிடு!"

டக்ளஸ் கூப்பிட்டுவிட்டார். உடுப்புக்கு இருக்கவேண்டிய திமிர் அவரிடம் அறவே இல்லை. கிளினிக்கிலிருந்து நர்ஸ் வந்து, லைலின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, நெற்றியில் வழிந்தது ஜாம் கலந்த சாயம் என்று கண்டுபிடிப்பதற்குள் அன்றைய படப்பிடிப்பு போயிற்று. ஷெய்னா ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அன்று மாலையே அத்தை வீட்டுக்கு வந்து, அடுக்களை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அத்தை, நீங்க படத்துல நடிக்கணும்."

"யாரு கொன்னது? அதைச் சொல்லு மொதல்ல."

"சார்ஜன்ட்தான்."

"நெனச்சேன். அந்த மீசையைப் பாத்ததுமே நெனச்சேன். சரி, எனக்கு என்ன வேஷம்?"

"உள்ள இருக்கறவனோட அம்மா. ஒரே காட்சி. கவுன்ட்டருக்கு வந்து, என் புள்ள எப்படி இருக்கான்னு கேப்பீங்க. அவரு 'தூங்குறான், காலையில வாங்க'ன்னு சொல்லுவாரு. நீங்க திரும்பிப் போயிடுவீங்க. அவ்வளவுதான். ஆனா மொத்தப் படமும் அதுலதான் நிக்குது அத்தை. அந்த நேரத்துல பையன் சாகல, உயிரோட கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்தான்னு பின்னால தெரியவரும்."

அத்தை எழுந்துபோய்க் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். தண்ணீர் ஊற்றாமல் வைத்தாள்.

"அந்த வார்த்தையை யார் எழுதினது?"

"எந்த வார்த்தை?"

"தூங்குறான், காலையில வாங்க."

"நான் எழுதல அத்தை. கதைக்காகக் கேக்கப் போன வீட்லல்லாம் இதைத்தான் சொன்னாங்க. வேற வேற ஊரு, வேற வேற வருஷம். வார்த்தை மட்டும் ஒண்ணு."

அத்தைக்கு ஒரு அண்ணன் இருந்தான். பெயரை யாரும் சொல்வதில்லை. போய்ச் சேர்ந்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது இங்கே வழக்கம் இல்லை. அவள் பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்தபோது, ஆற்றின் கீழ்ப்போக்கில் வேறொரு ஊரில், குடித்திருந்தான் என்று அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா போய்க் கேட்டாள். தூங்குகிறான், காலையில் வா என்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் போனாள். அவ்வளவுதான் அந்தக் கதை. ஷெய்னா கேட்ட வீடுகளில் இந்த வீடு இல்லை. இந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. வெர்னா அத்தை பேசுவதற்குப் பதிலாகச் சாயங்காலமே காவல் நிலையத்துக்குப் போய்விடுகிறாள்.

ஷெய்னா எதையும் கவனிக்கவில்லை. "பண்றீங்களா அத்தை?" என்றாள்.

"பண்றேன். போய்த் தூங்கு" என்றாள் அத்தை.

படப்பிடிப்பு அன்று ஊரே பழைய நிலையத்தின் வேலியில் தொங்கியது. உடைக்காரப் பெண் கொடுத்த அம்மா வேஷத்துக் கம்பளிச் சட்டையை அத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். முகத்துக்கு மாவு பூச வந்தவளிடம், "கஷ்டப்பட்ட முகம் வேணும்னா அது ஏற்கெனவே இருக்கு, நீ போ" என்றாள். ஒத்திகை பிரமாதம். எங்கே நிற்பது, எங்கே பார்ப்பது, எந்தப் பக்கம் திரும்பிக் கதவைத் திறப்பது எல்லாம் ஒரு முறை சொன்னதும் பிடித்துக்கொண்டாள். பிறகு கேமரா ஓடத் தொடங்கியது.

"என் புள்ள எப்படி இருக்கான்?"

டக்ளஸ் மீசையைத் தடவினார். "தூங்குறான். காலையில வாங்க."

"அப்ப எழுப்பு."

ஷெய்னா நிறுத்தினாள். "அத்தை, அப்படி ஒரு வசனம் கிடையாது."

"கிடையாதுன்னா நீ விட்டுட்ட. சேத்துக்கோ."

அடுத்த முறை அத்தை வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். செய்தபடியே நடந்துகொண்டாள். டக்ளஸ் தன் வசனத்தைச் சொன்னார், அத்தை நின்றாள். மறுபடி சொன்னார், நின்றாள். அவள் கண் அவர் தோளுக்குப் பின்னால் கதவில் இருந்தது. டக்ளஸின் நெற்றியில் வியர்வை கிளம்பியது. ஜூலைக் குளிரில் வேர்க்க வைப்பதற்கு ஒரு திறமை வேண்டும். கடைசியில் அவர் தாங்கமுடியாமல், "இருங்கம்மா, நான் ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே போய்விட்டார். படத்தின் கொலைகாரன் ஒத்தாசை செய்யக் கிளம்பியதைப் பார்த்து ஷெய்னா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை அத்தை கவுன்ட்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு தானே உள்ளே போனாள். அறையில் நெற்றியில் ஜாமோடு, சாகவேண்டிய ஆளாகக் கிடந்த லைல், ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டதுமே துள்ளி எழுந்து நின்றான். இதற்குள் அவனுக்கு ஊர் வழக்கம் பிடிபட்டிருந்தது.

"அத்தை, என்னைக் கொல்றதுக்கு அந்த சார்ஜன்ட் தேவையில்ல. உன் நடிப்பே போதும்."

"பையன் தேறிட்டான்" என்று அத்தை எல்லோருக்கும் கேட்க அறிவித்தாள்.

வேலியில் தொங்கியவர்களில் அவள் ஒன்றுவிட்ட அண்ணன் மெர்வ், "வெர்னா, வாசல் எந்தப் பக்கம்னு வந்து காட்டட்டா?" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. அத்தையும் சிரித்தாள். சிரித்தபடியே கம்பளிச் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதை ஷெய்னா பார்த்தாள். எல்லோரையும் டீ குடிக்கச் சொல்லிவிட்டு, அத்தையைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியண்டை கூட்டிப்போனாள். இரண்டு பழப்பெட்டிகளைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள்.

"அத்தை, நீங்க போகலன்னா இந்தப் படத்துல யாருமே சாகமாட்டாங்க."

"அதுல என்ன குத்தம்?"

ஷெய்னா கையிலிருந்த டீக்கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"முடியலன்னா விட்டுடுங்க அத்தை. நான் டோரிஸைக் கேட்டுக்கறேன்."

"டோரிஸ் போயிடுவா. அவன் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாலயே போயிடுவா. அவளுக்கு அடுப்புல எப்பவும் எதையாவது வெச்சிட்டு வந்த ஞாபகம்." அத்தை செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினாள். "ஜனங்க என்ன சொல்லும் தெரியுமா? தியேட்டர்ல உக்காந்து சோளப்பொரி தின்னுக்கிட்டு, 'இவ ஏன் போனா? நானா இருந்தா போயிருக்கவே மாட்டேன்'னு சொல்லும். அந்த அம்மாவைத்தான் திட்டும். அவனை இல்ல."

"அப்படிச் சொல்லமாட்டாங்க அத்தை."

"சொல்லுவாங்க. நானே சொன்னேன்."

ஷெய்னா நிமிர்ந்து பார்த்தாள். அத்தை தண்ணீர்த் தொட்டியின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டே அண்ணன் கதையைச் சொன்னாள். பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், மூன்று வாக்கியத்தில் சொன்னாள்.

"ஒரு தடவைதான் கேட்டேன் எங்கம்மாவை. நீ ஏம்மா வந்துட்டன்னு. எங்கம்மா துணி பிழிஞ்சிக்கிட்டு இருந்தா. 'வீட்ல நீங்க நாலு பேரு'ன்னா. 'அங்க நின்னு சத்தம் போட்டிருந்தா என்னையும் உள்ள தள்ளியிருப்பான். விடிஞ்சதும் உங்களை அள்ளிட்டுப் போக அரசாங்கக் கார் வந்திருக்கும். ஒண்ணை உள்ள விட்டுட்டு நாலுக்காக வந்தேன்'னா. அப்புறம் துணியை உதறிக் காயப்போட்டா. நான் ஓடிப்போய்க் கொடியில மாட்டற கிளிப்பை எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம் நான் கேக்கல."

அப்படித்தான் எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேரை, நாங்களே வளர்க்கிறோம் என்று தாய்களிடமிருந்து பிரித்து அரசாங்கக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் தூசி கிளம்பினாலே மிஷன் தாய்கள் பிள்ளைகளை ஆற்றோரம் ஒளித்தார்கள். ஷெய்னாவுக்கு இதெல்லாம் தெரியாதது இல்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாம உங்களை இதுல இழுத்துட்டேனே அத்தை."

"நீ என்ன செய்வ? வார்த்தை எல்லா வீட்லயும் இருக்கு, எங்க வீட்ல மட்டும் இல்லாமப் போகுமா?"

"அவங்க எப்படிப் போனாங்க அத்தை, அந்த எடத்தை விட்டு?"

"எனக்கென்ன தெரியும்? நான் வீட்ல இருந்தேன். கதவைத் தொறந்து உள்ள வந்தப்பதான் பாத்தேன்." அம்மா அங்கிருந்து எப்படிப் போயிருப்பாள் என்று இத்தனை வருஷத்தில் அத்தையும் யோசித்ததில்லை. ஏன் என்றுதான் யோசித்திருக்கிறாள். பிறகு பழப்பெட்டியிலிருந்து முனகிக்கொண்டே எழுந்தாள். "டீ ஆறிப்போச்சு. வா, எடு உன் படத்தை. இந்தத் தடவை அந்த மீசைக்காரரை பயப்படாம பேசச் சொல்லு. அவரு பயந்தா எனக்குக் கோவம் வரமாட்டேங்குது."

உள்ளே மறுபடி ராத்திரி ஆனது. வேலியில் இருந்தவர்களை வாயை மூடச் சொன்னார்கள். மெர்வ் மட்டும் கடைசியாக ஒரு முறை செருமினார். அத்தை வாசல் வழியாக வந்தாள், கவுன்ட்டரில் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"என் புள்ள எப்படி இருக்கான்?"

டக்ளஸ் பயப்படவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பேனாவை மூடியபடி சொன்னார். "தூங்குறான். காலையில வாங்க."

அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்குப் பின்னாலிருந்த இரும்புக் கதவைப் பார்த்தாள். கவுன்ட்டரிலிருந்து ஒரு கையை எடுத்தாள், மற்றதையும் எடுத்தாள். நகர மாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

நகர்ந்தாள். ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடி திரும்பவில்லை. கண்ணைக் கதவிலேயே வைத்துக்கொண்டு ஒரு எட்டு பின்னால் வைத்தாள், இன்னொரு எட்டு வைத்தாள். சுவரோரத்து பெஞ்சு ஆடுசதையில் இடித்தது. குனிந்து பார்க்காமல் அதைச் சுற்றிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் நீண்ட கை மரக்கதவில் அங்குமிங்கும் தடவிக் கைப்பிடியைக் கண்டுபிடித்தது. கதவு திறந்து வெளிச்சமும் குளிர்காற்றும் உள்ளே வந்தன. படப்பிடிப்பை நிறுத்தச் சொல்லவேண்டிய ஷெய்னா சொல்லவில்லை. வெர்னா அத்தை இன்னும் இரும்புக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய குதிகால் மட்டும் பின்பக்கமாக நீண்டு, வாசல் படி எங்கே இருக்கிறது என்று காற்றில் தேடிக்கொண்டிருந்தது.